ஏழாவது அத்தியாயத்திலேயே கொலைகாரனைப் பிடித்துவிட்டார்கள்

பூட்டிய அறை:

வணக்கம். ரொம்ப நாளாக மற்றவர்கள் எழுதுவதை மட்டும் படித்துவிட்டுப் போகிறவன் நான். இன்று நானே ஒரு இழை தொடங்குகிறேன். காரணம் வயிற்றெரிச்சல்.

இரண்டரை வருடம் உட்கார்ந்து ஒரு துப்பறியும் நாவல் எழுதி முடித்தேன். மொத்தம் 32 அத்தியாயம். வேலைக்குக் கிளம்புவதற்கு முன் காலையில் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான் எனக்குக் கிடைக்கும் பொழுது. முடித்ததும் ஐந்து பேரிடம் படிக்கக் கொடுத்தேன். அதில் மூன்று பேர் ஏழாவது அத்தியாயத்திலேயே கொலைகாரன் யார் என்று சரியாகச் சொல்லிவிட்டார்கள். நான் துப்பு வைக்க ஆரம்பிப்பதே பதினொன்றாவது அத்தியாயத்தில்தான்!

கதை இது. தனியாக வாழும் ஒரு பணக்காரக் கிழவர். இரவு பத்து மணிக்குத் தன் படிப்பறையில் கழுத்து நெரிக்கப்பட்டுச் சாகிறார். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சொல்கிறார். சந்தேகத்துக்கு உரியவர்கள் மகன், இரண்டாவது மனைவி, கணக்கர், வக்கீல். செய்தது பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார். முடிவை இங்கே உடைக்கிறேனே என்று யாரும் கவலைப்பட வேண்டாம், அது ஏற்கெனவே உடைந்துதான் கிடக்கிறது.

துப்பே இல்லாத இடத்தில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? யாராவது சொல்லுங்களேன்.

சந்தேகப் பேர்வழி:

முதல் பத்தியைப் படித்ததும் எனக்கும் வாத்தியார் மேல்தான் சந்தேகம் வந்தது. தப்பாக நினைக்காதீர்கள்.

நடுநிசி வாசகி:

எழுதுகிறவள் இல்லை நான், வாசகி மட்டும்தான். வாரத்துக்கு இரண்டு துப்பறியும் நாவலாவது படித்துவிடுவேன். எங்கள் பக்கத்து ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் துப்பை வைத்துக் கண்டுபிடிப்பதே இல்லை. யாருக்குக் கதையில் வேலை இல்லையோ அவரைத்தான் பார்ப்போம்.

மகன் அப்பாவோடு சண்டை போடுவார், மனைவி எதையோ மறைப்பார், கணக்கர் பணத்தில் கை வைத்திருப்பார், வக்கீல் உயிலைத் திருத்தியிருப்பார். இவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வேலை இருக்கிறது. வாத்தியார் என்ன செய்கிறார்? வருகிறார், வருத்தப்படுகிறார், போகிறார். அப்படி ஒருவருக்கு ஐந்து பக்கம் ஒதுக்குகிறீர்கள் என்றால் அந்த ஐந்து பக்கத்துக்கும் கடைசியில் கணக்குச் சொல்லியாக வேண்டும் அல்லவா? அது என்ன கணக்கு என்பது ஏழாவது அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும்.

பூட்டிய அறை:

அம்மா தாயே! ஒரு வார்த்தை மாறாமல் மூவரில் ஒருவர் இதையேதான் சொன்னார். "அவர் எதுக்கு இருக்கார்னே தெரியலை, அதான் அவரா இருக்கும்னு நினைச்சேன்." அன்றைக்கு அவர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மைக்கறை:

வாசகி மேடம் சொன்னது நூற்றுக்கு நூறு. பத்தொன்பது நாவல் எழுதிய கை இது, முதல் ஆறில் நானும் இந்தத் தப்பைத்தான் செய்தேன். கொலைகாரனை ஒளித்து வைக்க வேண்டும் என்று நினைத்து மூலையில் உட்கார வைத்துவிடுவோம். மூலையில் ஒருவன் சும்மா உட்கார்ந்திருந்தால் எல்லாருடைய கண்ணும் அவன் மேல்தான் போகும். அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். நல்ல வேலையாக, கதை நகர்வதற்கு அவசியமான வேலையாக இருக்க வேண்டும். வாத்தியார்தான் மகனையும் அப்பாவையும் சமாதானம் செய்ய முயன்றவர் என்று வையுங்கள். அல்லது இன்ஸ்பெக்டருக்கு அந்த வீட்டின் பழைய கதையெல்லாம் சொல்கிறவர். அப்போது அவர் இல்லாமல் கதை நடக்காது, அவர் ஏன் இருக்கிறார் என்ற கேள்வியும் எழாது.

இன்னொன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். கொலை நடந்த இரவை வாத்தியாரின் பக்கத்திலிருந்து எப்போதாவது எழுதிப் பார்த்தீர்களா? அச்சுக்கு இல்லை, உங்களுக்காக.

பூட்டிய அறை:

இல்லை சார். அது கடைசி அத்தியாயத்தில் வாக்குமூலமாக வருகிறது, இரண்டு பக்கம்.

மைக்கறை:

அங்கேதான் கோளாறு. துப்பறியும் கதை எழுதுகிறவன் இரண்டு கதை எழுத வேண்டும். கொலைகாரன் செய்தது ஒன்று, மற்றவர்கள் தேடிப் போனது இன்னொன்று. வாசகர் கைக்குப் போவது இரண்டாவது மட்டும்தான். ஆனால் முதல் கதை முழுதாக இல்லாவிட்டால் இரண்டாவது கதையில் துப்பே பிறக்காது. துப்பு என்பது என்ன? முதல் கதையிலிருந்து தவறி இரண்டாவது கதைக்குள் விழுந்த ஒரு பொருள். நாமாக உட்கார்ந்து பதினொன்றாவது அத்தியாயத்திலிருந்து வரிசையாக "வைத்துக்கொண்டே" போனால் அது அலங்காரமாகத்தான் இருக்கும்.

என்னிடம் ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு நீளத் தாள் உண்டு. மேலே நேரம், கால் மணிக்கு ஒரு கட்டம். இடப்பக்கம் ஆட்கள். அந்த நேரத்தில் யார் எங்கே, என்ன செய்தார், யார் பார்த்தார், அடுத்தவரிடம் என்ன சொன்னார். ஒரு வாரம் இதற்கே போய்விடும். வீட்டில் இருப்பவர்கள் நான் வேலை செய்யாமல் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பார்கள். எனக்கு வேலையே அதுதான்.

பழைய தடயம்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தடயவியல் ஆய்வகத்தில் 26 வருடம் இருந்தவன், இப்போது ஓய்வு. பூட்டிய அறை சார், கொலை இரவு பத்து மணிக்கு என்கிறீர்கள், உடலைக் காலை ஏழு மணிக்குப் பார்க்கிறார்கள். அந்தக் காட்சியை எப்படி எழுதியிருக்கிறீர்கள்? இந்த இடத்தில்தான் நிறைய பேர் தடுக்கி விழுவார்கள், அதனால் கேட்கிறேன்.

பூட்டிய அறை:

வாத்தியார் பதறிப்போய்க் கையைத் தூக்கிப் பார்க்கிறார். "கை துவண்டு விழுந்தது" என்று எழுதியிருக்கிறேன். அந்த வரி எனக்குப் பிடித்த வரி.

பழைய தடயம்:

அதைத்தான் பயந்தேன். ஒன்பது மணி நேரம் ஆன உடலில் கை துவளாது. சாதாரண வெப்பத்தில் இறந்து இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் தாடை, கழுத்து, கண் இமை போன்ற சிறு தசைகளில் விறைப்பு தெரிய ஆரம்பிக்கும். ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்தில் உடல் முழுக்க விறைத்திருக்கும். அதே நிலையில் இன்னொரு பன்னிரண்டு மணி நேரம் போல இருந்துவிட்டு மெல்லத் தளரும். வெயில் காலத்தில் எல்லாமே சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும், குளிரில் தாமதம். சாவதற்கு முன் ஆள் போராடியிருந்தாலும் சீக்கிரம் வரும். உங்கள் கிழவர் கழுத்து நெரிபட்டவர், நிச்சயம் போராடியிருப்பார். ஏழு மணிக்கு அந்தக் கையைத் தூக்கினால் கட்டை மாதிரி தோளும் சேர்ந்து வரும்.

நாவல்களில் டாக்டர் வந்து நாடி பார்த்த கையோடு "பத்தேகாலுக்கு இறந்திருக்கிறார்" என்று சொல்வார் பாருங்கள், எங்கள் ஆய்வகத்தில் அதைப் படித்துச் சிரிப்போம். நிஜத்தில் டாக்டர் சொல்வது ஒரு இடைவெளி. எட்டு மணிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே இருக்கலாம் என்பார், அதையும் தயங்கித் தயங்கித்தான் சொல்வார்.

பூட்டிய அறை:

ஐயோ. அப்படியென்றால் அந்த வரியை எடுத்துவிட வேண்டியதுதானா?

மைக்கறை:

எடுக்காதீர்கள்! ஒரு நிமிடம் பொறுங்கள்.

தடயம் சார், நான் சொல்வது சரியா பாருங்கள். கை துவண்டது நிஜம் என்று வைத்துக்கொண்டால் கிழவர் செத்து அதிக நேரம் ஆகவில்லை. அப்படியானால் கொலை இரவு பத்து மணிக்கு இல்லை, காலை ஆறரைக்கு. எல்லாரும் இரவு என்று நம்புகிறார்கள், ஏனென்றால் விளக்கு எரிகிறது, இரவுச் சாப்பாடு தொடாமல் இருக்கிறது. மகன், மனைவி, கணக்கர், வக்கீல் நான்கு பேரும் இரவு பத்து மணிக்கு எங்கே இருந்தார்கள் என்று நிரூபிக்கப் படாத பாடு படுகிறார்கள். காலை ஆறரையைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. அந்த நேரத்தில் அங்கே இருந்தவர் யார்? உடலைக் "கண்டுபிடித்தவர்".

சந்தேகப் பேர்வழி:

இதைப் படித்ததும் நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டேன்.

பூட்டிய அறை:

கை நடுங்குகிறது எனக்கு. வாத்தியாரே தன் வாயால் இன்ஸ்பெக்டரிடம் சொல்லலாம்: "கையைப் பிடிச்சுப் பார்த்தேன் சார், அப்படியே துவண்டு விழுந்துட்டுது." முதல் அத்தியாயத்திலேயே!

நான்காவது சாட்சி:

எல்லாரும் துள்ளிக் குதிக்கிறீர்கள், ஆனால் போலீஸ் டாக்டர் என்று ஒருவர் வருவாரே? எட்டு மணிக்கு வந்து தொட்டுப் பார்த்தால் உடல் சூடாக இருக்கும், விறைப்பு இருக்காது. கதை அங்கேயே முடிந்தது.

பழைய தடயம்:

சாட்சி சொல்வது நியாயமான கேள்வி. டாக்டரைத் தாமதிக்க வைக்க வேண்டும். மழையில் பாதை அடைபட்டது என்று ஏதாவது சொல்லி மதியம் இரண்டரை மணிக்குக் கொண்டுவாருங்கள். காலை ஆறரைக்கு இறந்திருந்தால் எட்டு மணி நேரம், இரவு பத்து என்றால் பதினாறரை. உடல் போராடி இறந்தது, அறையும் வெப்பமாக இருந்தால் எட்டு மணி நேரத்திலேயே விறைப்பு நன்றாக இருக்கும், பதினாறரையிலும் இருக்கலாம். விறைப்பை வைத்துப் பிரிக்க முடியாது.

உடல் வெப்பம் மணிக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி செல்சியஸ் குறையும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஆனால் அறையின் வெப்பமே உடல் வெப்பத்துக்கு அருகில் இருந்தால் அந்தக் கணக்கு உதவாது. ஆக, ஜன்னல் சாத்திய புழுக்கமான அறை வேண்டும். மழை வந்து அறையைக் குளிரவைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடலின் அடிப்பக்கத்தில் ரத்தம் தங்கித் தோலில் உண்டாகும் செங்கருமை நிறம் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் நிலைத்துவிடும். இங்கே மட்டும் கொஞ்சம் ஆபத்து. எட்டு மணி நேரத்தில் விரலால் அழுத்தினால் சிலருக்கு இன்னும் வெளுக்கும். கூர்மையான டாக்டர் என்றால் அங்கே புருவத்தைச் சுருக்குவார். அதை நீங்கள் இரண்டாவது துப்பாகவே வைத்துக்கொள்ளலாம்.

நடுநிசி வாசகி:

வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று பார்ப்பார்களே?

பழைய தடயம்:

பார்ப்பார்கள். கிழவர் இரவு உண்மையிலேயே சாப்பிடாமல் படுத்திருந்தால் இரண்டு நேரத்துக்கும் வயிறு காலிதான்.

பூட்டிய அறை:

மகனோடு சண்டை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தார் என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறேன்! மகன் மேல் சந்தேகம் வரவைக்கத்தான் எழுதினேன்.

மைக்கறை:

சொன்னேன் அல்லவா, முதல் கதை முழுதாகிவிட்டால் துப்புகள் தானாக வந்து உட்காரும்.

நான்காவது சாட்சி:

என் ஆட்சேபணை வேறு. இது நியாயமா? விறைப்பு எத்தனை மணி நேரத்தில் வரும் என்பது எந்த வாசகருக்குத் தெரியும்? தெரியாத விஷயத்தில் முடிச்சைப் போட்டுவிட்டுக் கடைசியில் "அறிவியல் சொல்கிறது" என்று அவிழ்ப்பது ஏமாற்று. ஆங்கிலத் துப்பறியும் எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929ல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளை எழுதினார். கடைசியில் நீளமான அறிவியல் விளக்கம் தேவைப்படும் கருவி கூடாது என்பதும் அதில் ஒன்று. அடுத்த வருடம் லண்டனில் துப்பறியும் எழுத்தாளர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தவர்கள் சத்தியமே செய்ய வேண்டியிருந்தது, தெய்வ வாக்கையோ தற்செயலையோ வைத்து முடிச்சை அவிழ்க்க மாட்டேன் என்று.

மைக்கறை:

அதே நாக்ஸ் ஒன்றுக்கு மேல் ரகசிய அறை கூடாது என்றும் எழுதினார். கட்டளை என்று பெயரே தவிர, பாதி கேலிதான். ஆனால் உங்கள் கேள்வியைத் தள்ள மாட்டேன். வழி இருக்கிறது. விறைப்பைப் பற்றிய பாடத்தை வாசகருக்கு முன்கூட்டியே, வேறொரு சாக்கில் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். டாக்டர் பிற்பகலில் வந்து "பத்து மணிக்கு இறந்தவர் விடியும்போதே விறைத்திருப்பார்" என்று ஏதோ ஒரு பேச்சில் சொல்லட்டும். வாத்தியார் சொன்ன வரி முதல் அத்தியாயத்தில், டாக்டர் சொல்வது ஐந்தாவது அத்தியாயத்தில். இரண்டும் வாசகர் கண் முன்னாலேயே கிடக்கும். சேர்த்துப் பார்க்காதது அவர் பாடு.

நான்காவது சாட்சி:

அப்படியென்றால் ஏற்கிறேன். பாதியளவுக்கு.

நடுநிசி வாசகி:

நாங்கள் எந்த வரியைத் தாண்டிப் போவோம் என்றும் சொல்லிவிடுகிறேன். நான்கு பொருள் வரிசையாக வந்தால் மூன்றாவது எங்கள் மனதில் நிற்காது. ஒரு வரிக்குப் பிறகு உடனே யாராவது அலறினால் அலறலுக்கு முந்திய வரி மறந்துபோகும். பரிதாபம் தோன்றும் இடத்தில் நாங்கள் யோசிக்கவே மாட்டோம். "கை துவண்டு விழுந்துட்டுது" என்று ஒரு வயதான மனிதர் தழுதழுத்துச் சொன்னால் எனக்கு அழுகைதான் வரும், மணிக்கணக்கு வராது.

பதிப்பு மேசை:

ஒரு பதிப்பகத்தில் எடிட்டராக இருக்கிறேன். முதல் கதை, இரண்டாவது கதை எல்லாம் சரி. ஆனால் பூட்டிய அறை இரண்டரை வருடம் என்றாரே, அதைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். துப்பறியும் எழுத்தில் தனி நாவலைவிட ஒரே துப்பறிவாளர் திரும்பத் திரும்ப வரும் வரிசைதான் வாசகரைப் பிடித்து வைக்கும். ஒரு புத்தகம் பிடித்துப்போனால் அடுத்தது எப்போது என்று கேட்பார்கள், இரண்டரை வருடம் காத்திருக்க மாட்டார்கள்.

முன்பணத்தைச் சம்பளம் என்று நினைத்து ஏமாந்துபோகிறவர்களையும் பார்க்கிறேன். முன்பணம் என்பது உங்களுக்கு வரப்போகும் ராயல்டியில் முன்கூட்டித் தருவது. விற்பனை அதை ஈடுகட்டும்வரை அடுத்த காசு வராது. வேலையை விட்டுவிடாதீர்கள் என்று முதல் நாவல்காரர் எல்லாரிடமும் சொல்வேன், பாதிப் பேர் என்னை வில்லனாகப் பார்ப்பார்கள்.

மைக்கறை:

வரிசையாக எழுதுவதிலும் ஒரு வினை இருக்கிறது. என் துப்பறிவாளருக்கு மூன்றாவது நாவலில் இடது முழங்காலில் காயம். எட்டாவதில் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினார். பதினோரு கடிதம் வந்தது. அதிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், அவருடைய பிறந்த வருடம், காயம், கெட்ட பழக்கம், செத்துப்போன நாய் வரைக்கும் அதில் இருக்கும். அப்புறம் சலிப்பு. ஹோம்ஸை வைத்துக் கதை எழுதிச் சலித்துப்போன கோனன் டாயில் 1893ல் அவரை அருவியில் தள்ளிவிட்டதும், 1903ல் உயிரோடு திரும்பக் கொண்டுவந்ததும் ஏன் என்று பன்னிரண்டாவது நாவலில் எனக்குப் புரிந்தது.

சந்தேகப் பேர்வழி:

இணையத்தில் தேடுவதை யாரும் பேசவில்லையே! என் தேடல் வரலாற்றை யாராவது எடுத்துப் பார்த்தால் நான் வெளியே நடமாட முடியாது. "குளோரோஃபாம் எத்தனை நொடியில் மயங்கும்" என்று தேடியதை என் மனைவி பார்த்துவிட்டு இரண்டு நாள் தனி அறையில் படுத்தார்.

பழைய தடயம்:

நொடியில் மயங்காது என்று அவருக்குச் சொல்லுங்கள், நிம்மதியாகத் தூங்குவார். கைக்குட்டையை மூக்கில் வைத்ததும் சாய்வதெல்லாம் சினிமாவில்தான். நிமிடக்கணக்கில் பிடித்திருக்க வேண்டும். சைலன்சர் வைத்த துப்பாக்கி "புஸ்" என்பதும் அப்படித்தான், சத்தம் குறையுமே தவிரப் போகாது.

ஒரு வேண்டுகோள். விஷம் பற்றி எழுதுகிறவர்கள் முழுச் செய்முறையையும் எழுதாதீர்கள். ஒரு படியையாவது விட்டுவிடுங்கள், அல்லது மாற்றிவிடுங்கள். கதைக்கு அதனால் எந்தக் குறையும் வராது.

மைக்கறை:

நானும் அப்படித்தான் செய்கிறேன். தேடலைவிட எனக்கு அதிகம் உதவியது விசாரணை நீதிமன்றத்தில் பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்திருந்ததுதான். சாட்சிகள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கேட்க வேண்டும். பொய் சொல்கிறவர்கள் சரளமாகச் சொல்வார்கள். நிஜமாகப் பார்த்தவர்கள் நடுவில் நிறுத்தி, "இல்லை, அதுக்கு முன்னாடி" என்று பின்னால் போவார்கள். வாத்தியாரின் வாக்குமூலத்தைச் சரளமாக எழுதுங்கள், அந்தக் கை வரியில் மட்டும் அவர் தடுமாறட்டும். ஏனென்றால் அது ஒன்றுதான் அவர் சொல்வதில் நிஜம்.

அதே நேரம் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைத் தொடர்ந்து படிக்காதீர்கள். ஒரு நாவலுக்காக இரண்டு மாதம் படித்தேன். இரவில் வீட்டில் தூங்குகிறவர்களுக்கு மூச்சு வருகிறதா என்று எழுந்து எழுந்து பார்த்தேன். அதற்குப் பிறகு மாலை ஆறுக்கு மேல் அந்தக் கோப்புகளைத் திறப்பதில்லை.

பூட்டிய அறை:

(நான்கு மாதம் கழித்து)

எல்லாருக்கும் வணக்கம். தாள் ஒட்டிக் கட்டம் போட்டேன், சுவர் முழுக்க வந்துவிட்டது. வாத்தியார் இப்போது சமாதானத் தூதர், இன்ஸ்பெக்டருக்கு வலது கை. 32 அத்தியாயம் 27 ஆகிவிட்டது. பாதி நாவலைத் திரும்ப எழுதினேன், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் ஆச்சரியம். புதிதாக ஆறு பேரிடம் கொடுத்தேன். நான்கு பேர் கணக்கரைச் சொன்னார்கள், ஒருவர் மனைவியை. ஒரே ஒருவர் வாத்தியார் என்றார், அதுவும் 22வது அத்தியாயத்தில். எப்படி என்று கேட்டால், "எனக்கு வாத்தியார்களையே பிடிக்காது" என்றார்.

ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் மெய்ப்புப் பிரதி வந்தது. முதல் அத்தியாயத்தைத் திறந்ததும் தலை சுற்றியது. மெய்ப்பு பார்த்தவர் அந்த வரியை அடித்துவிட்டு, "கை விறைத்துப்போயிருந்தது" என்று மாற்றி, ஓரத்தில் எழுதியிருக்கிறார்: "ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டதே, துவளாது. ஆசிரியர் கவனிக்கவும்."

பதிப்பு மேசை:

அவர் எந்தப் பதிப்பகத்தில் இருக்கிறார் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

நான்காவது சாட்சி:

ஆக அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, வரியையும் பிடித்திருக்கிறார், ஆனாலும் சந்தேகம் எழுத்தாளர் மேல்தான் வந்திருக்கிறது. மீதிப் பாதியையும் ஏற்கிறேன்.

நடுநிசி வாசகி:

திரும்ப மாற்றிவிட்டீர்கள்தானே?

பூட்டிய அறை:

மாற்றிவிட்டேன். ஓரத்தில் "அப்படியே இருக்கட்டும்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். காரணம் எழுதவில்லை, அவர் இன்னும் கடைசி அத்தியாயத்துக்கு வரவில்லையாம்.